பச்சைப்பயறும் கண்ணாடிச் சேமியாவும்

சீன நாட்டின் அடுக்களைகளில் வழங்கும் உணவுப் பண்டங்களுள் "ஃபென்ஸு" எனப்படும் இழைச் சேமியா தனித்தன்மை வாய்ந்தது. சீன மொழியில் "ஃபென்" என்பது மாவைக் குறிக்கும். "ஸு" என்பது பட்டு நூலைக் குறிக்கும். உலர்ந்த நிலையில் இது வெண்மையான, முறுக்கிய நூற்கண்டு போலத் தோன்றும். வெந்நீரில் சிறிது நேரம் ஊறியதும் கண்ணாடி போலத் தெளிவடைந்து, மறுபுறம் உள்ள பொருளைக் காட்டும். இக்காரணம் பற்றியே பிற நாடுகளில் இதற்குக் கண்ணாடிச் சேமியா என்ற பெயர் ஏற்பட்டது. கோதுமைச் சேமியாவைப் போலவோ அரிசிச் சேவையைப் போலவோ அல்லாமல், இது பச்சைப்பயற்றிலிருந்து செய்யப்படுகிறது என்பதே வியப்புக்குரிய செய்தியாகும்.

பயற்றிலிருந்து செய்யப்படுவதால் இது பயற்றின் போஷாக்கை உடையதாக இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியானதா? பயற்றைத் தனி ஆகாரமாகக் கொள்ளும் மக்களுக்கு உணவு ஆலோசனை கூறும் கிராம ஊழியர்களும், பள்ளிகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களும் இவ்வினாவுக்கு விடை அறிந்திருத்தல் அவசியம். அவ்விடையை அறிய, இச்சேமியா எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் ஆராய வேண்டும்.

பயற்றின் பிறப்பிடம்

பச்சைப்பயறு இந்தியாவுக்கே உரிய பயிர். இந்நாட்டிலேயே அது காட்டு இனத்திலிருந்து முதன்முதலில் பயிராக்கப்பட்டது என்பது தாவரவியலாரின் முடிவு. கர்நாடகத்தில் உள்ள புதிய கற்காலக் குடியிருப்புகளின் அகழாய்வுகளில், கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த கரிந்த பயற்று மணிகள், கொள்ளுடன் சேர்ந்து கிடைத்துள்ளன. முன்னர் அவரைக் குடும்பத்தின் ஃபேசியோலஸ் இனத்தில் வைக்கப்பட்டிருந்த இச்செடி, 1954-ஆம் ஆண்டு முதல் விக்னா ரேடியேட்டா என்ற பெயரால் வழங்கப்படுகிறது.

சீனாவுக்கு இப்பயிர் நெடுங்காலத்திற்கு முன்பே சென்றுவிட்டது. கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் ஜியா ஸிஷியே என்ற அதிகாரி எழுதிய வேளாண்மை நூல், நிலத்தை வளப்படுத்தும் பசுந்தாட் பயிர்களுள் பச்சைப்பயற்றை முதலிடத்தில் வைத்துப் போற்றுகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா மண்ணில் சேர்க்கிறது என்ற உண்மை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவாயிற்று. ஆனால் அதன் பயனை உழவர்கள் அதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இந்தியப் பயற்றின் புகழுக்கு மற்றொரு சான்றும் உண்டு. கி.பி. 997 முதல் 1022 வரை ஆண்ட சுங் வம்சத்துச் சக்கரவர்த்தி ஜென்சுங், சம்பா நாட்டு நெல் வறட்சியைத் தாங்கும் என்றும், இந்தியாவின் பச்சைப்பயறு மிகுதியாகக் காய்த்துப் பருத்த மணிகளைத் தரும் என்றும் கேள்வியுற்று, விலையுயர்ந்த பொருள்களுடன் தூதுவர்களை அனுப்பி அவற்றின் விதைகளை வருவித்தார் என்று அந்த நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தத் துறவி ஒருவரின் குறிப்பு கூறுகிறது. நல்ல விதையைத் தேடி அரசாங்கமே முயற்சி செய்தல் இக்காலத்துப் புதுமை அன்று என்பதும் இதனால் விளங்கும்.

ஷாண்டுங் மாகாணத்துத் தொழில்

மாவைத் துளைகளின் வழியே பிழிந்து இழைகளாக்கி வேகவைக்கும் முறையும் பழமையானதே. மேற்சொன்ன ஜியா ஸிஷியேயின் நூலிலேயே, குழைத்த மாவுச்சத்தை மாட்டுக் கொம்பில் இட்ட துளைகளின் வழியே கொதிக்கும் நீரில் பிழியும் விதம் விவரிக்கப்பட்டுள்ளது. அம்மாவு பயற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்று அந்நூல் கூறவில்லை. ஆயினும் முறை ஒன்றே. நம் இல்லங்களில் இடியாப்பம் பிழிவதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை.

பயற்றுச் சேமியாத் தொழில் சிறப்பாக வேரூன்றிய இடம், கிழக்குச் சீனாவில் போஹாய் கடலை ஒட்டிய ஷாண்டுங் மாகாணத்தின் ஜாவோயுவான் வட்டாரமாகும். அங்கு உற்பத்தியான சரக்கு, அருகிலுள்ள லுங்கோ துறைமுகத்தின் வழியாக வெளியூர்களுக்கும் அயல் நாடுகளுக்கும் சென்றது. அதனால் உற்பத்தியான ஊரின் பெயர் மறைந்து, கப்பலேறிய துறையின் பெயரே சரக்குக்கு நிலைத்துவிட்டது. இன்றும் "லுங்கோ சேமியா" என்றே அது உலகெங்கும் வழங்குகிறது. புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் அப்பெயருக்கு அளிக்கப்பட்டுள்ளது. கடற்காற்றும், கடுமையற்ற வெயிலும், மழை குறைந்த நெடிய உலர் பருவமும் இழைகளை உலர்த்துவதற்கு ஏற்ற சூழ்நிலையாக அமைந்தன.

மாவுச்சத்தைப் பிரித்தெடுத்தல்

இத்தொழிலின் முதற்கட்டம், பயற்றிலிருந்து மாவுச்சத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பதாகும். பச்சைப்பயற்றில் ஏறத்தாழ பாதி எடை மாவுச்சத்து. 22 முதல் 24 சதவீதம் புரதம். எஞ்சியவை நார்ப்பொருள், ஈரம், தாது உப்புக்கள், சிறிதளவு கொழுப்பு ஆகியன. பயற்றை நீரில் ஊறவைத்து, நீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டினால் தோலும் நாரும் நீங்கும். வடிந்த பாலில் மாவுச்சத்து மணிகளும் புரதமும் கலந்திருக்கும். இவ்விரண்டையும் பிரிப்பதே கடினமான வேலை.

சீனத் தொழிலாளர்கள் இதற்குக் கையாண்ட உபாயம் நுட்பமானது. முந்தைய நாள் வேலையில் கிடைத்த புளித்த நீரில் ஒரு பகுதியை எடுத்து வைத்து, புதிய பாலில் கலப்பார்கள். நம் வீடுகளில் முதல் நாள் மோரைப் பாலில் உறையிடுவது போன்றதே இது. புளித்த நீரில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் நிறைந்துள்ளன. அவற்றுள் தயிரிலும் பாலடையிலும் காணப்படும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் முக்கியமானது. இவ்வகை நுண்ணுயிர்கள் மாவுச்சத்து மணிகளை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்கின்றன. திரண்ட மணிகள் பாத்திரத்தின் அடியில் விரைவாகப் படிகின்றன. புரதமும் நுண்ணிய நாரும் அதன் மேல் சாம்பல் நிறமான தளர்ந்த படலமாகவும், மேலே நிற்கும் நீரில் கரைந்தும் தங்கிவிடுகின்றன. மேல்நீரை இறுத்து, படலத்தைக் கழுவி நீக்கினால், அடியில் தூய வெண்ணிற மாவுச்சத்து கிடைக்கும். நுண்ணுயிர் என்ற ஒன்று உண்டு என்பதை அறியாத காலத்திலேயே மனிதர்கள் அதை வேலைக்காரனாக வைத்துக் கொண்டிருந்தார்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசிக்காக மாவு எடுக்கும் தொழிற்சாலைகளைக் கண்டவர்களுக்கு, அரைத்தல், வடிகட்டுதல், தொட்டியில் படியவிடுதல் ஆகிய இக்கட்டங்கள் பழக்கமானவையாகத் தோன்றும். ஆனால் கிழங்கில் புரதம் மிகக் குறைவு. பயற்றிலோ நான்கில் ஒரு பங்குக்கு அருகில் புரதம் உள்ளது. ஆகவே பிரித்தெடுக்கும் வேலையும், பிரித்தபின் கழிக்கப்படும் பொருளின் மதிப்பும் இங்கே மிகுதி.

இழையாக்குதல்

அடுத்த கட்டம் இழையாக்குதல். மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியைக் கொதிநீரில் கிளறிப் பசையாக்குவர். இப்பசையுடன் எஞ்சிய மாவைச் சேர்த்துப் பிசைந்தால், ஒழுகும் பதமுள்ள கலவை கிடைக்கும். கோதுமை மாவைப் பிசையும்போது குளூட்டன் என்னும் புரதம் மாவைப் பிணைக்கிறது. புரதமற்ற மாவுச்சத்தில் அத்தகைய பிணைப்பு இல்லை. அந்த வேலையை இங்கே பசை செய்கிறது.

இக்கலவையைத் துளைகளுள்ள பெருங்கரண்டியில் இட்டுக் கையால் தட்டுவர். கலவை இழைகளாக நீண்டு கீழேயுள்ள கொதிநீர்ப் பாத்திரத்தில் விழும். கரண்டியை உயரப் பிடித்தால் இழை மெலியும். தாழ்த்திப் பிடித்தால் தடிக்கும். நீரில் விழுந்த சில விநாடிகளில் இழை வெந்து மேலே மிதக்கும். உடனே அதைக் குளிர்ந்த நீருக்கு மாற்றிக் கோல்களில் தொங்கவிடுவர். இரவு முழுவதும் குளிரில் வைத்தபின், அல்லது உறையச் செய்து பின்னர் உருக்கி எடுத்தபின், ஒட்டிய இழைகளை நீரில் பிரித்து வெயிலில் உலர்த்துவர். இன்று இவ்வேலைகளில் பெரும்பாலானவற்றை இயந்திரங்களும் குளிர்பதன அறைகளும் செய்கின்றன. எனினும் கட்டங்களின் வரிசை மாறவில்லை.

குளிர்ச்சியின் பங்கு

குளிரில் வைப்பது வீண் சடங்கன்று. இழையின் உறுதி முழுவதும் அங்கேதான் உண்டாகிறது. மாவுச்சத்து இருவகை மூலக்கூறுகளால் ஆனது. ஒன்று நீண்ட சங்கிலி வடிவமான அமைலோஸ். மற்றொன்று மரக்கிளை போலப் பிரிந்து செல்லும் அமைலோபெக்டின். மாவை நீருடன் சூடாக்கும்போது, பச்சைப்பயற்று மாவில் ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், மணிகள் வீங்கி அவற்றின் ஒழுங்கான உட்கட்டுமானம் குலைகிறது. இதனையே கூழாதல் என்கிறோம். ஆறும்போது மூலக்கூறுகள் மீண்டும் ஒன்றையொன்று நெருங்கி இணைகின்றன. நீண்ட சங்கிலிகளான அமைலோஸ் சில மணி நேரத்திலேயே நெருக்கமாக அடுக்கிக்கொள்கிறது. கிளைகளையுடைய அமைலோபெக்டின் மெதுவாக, பல நாட்களில் இறுகுகிறது.

இவ்விரண்டுக்கும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. ஆறிப்போன பழைய சோறு விறைத்திருப்பதையும், சூடாக்கினால் மீண்டும் இளகுவதையும் அனைவரும் அறிவர். அமைலோபெக்டினின் இறுக்கம் கொதிநிலைக்கு மிகக் கீழான வெப்பத்திலேயே தளர்ந்துவிடுவதே அதன் காரணம். அமைலோஸின் இறுக்கமோ 120 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில்தான் தளரும். சாதாரணப் பாத்திரத்தில் நீர் 100 டிகிரிக்கு மேல் சூடாவதில்லை. ஆகவே ஒருமுறை இறுகிய அமைலோஸ் வலைப்பின்னல் குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் எளிதில் கரைவதில்லை.

பச்சைப்பயற்று மாவில் அமைலோஸ் 30 முதல் 40 சதவீதம் வரை உள்ளது. மரவள்ளி மாவில் அது 20 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மரவள்ளி மாவினால் செய்த இழையும் தெளிவாகவே இருக்கும். ஆனால் வேகவைத்தால் குழைந்து ஒட்டும். பச்சைப்பயற்று இழை மட்டும் வழுவழுப்புடன், பல்லுக்கு இதமான உறுதியுடன் நிற்பதன் இரகசியம் இதுவே. இழையின் தெளிவுக்கும் காரணம் எளியது. ஒளியைச் சிதறடிக்கும் புரதத் துணுக்குகள் அதில் இல்லை. ஆகவே இழை எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அவ்வளவுக்குப் புரதம் நீக்கப்பட்டுள்ளது என்று பொருள்.

போஷாக்கின் கணக்கு

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை கூறலாம். 100 கிராம் பச்சைப்பயற்றில் 22 முதல் 24 கிராம் புரதம் உண்டு. 100 கிராம் உலர்ந்த பயற்றுச் சேமியாவில் உள்ள புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. மாவுப்பொருள் ஏறத்தாழ 85 கிராம். இரண்டும் தரும் சக்தி கிட்டத்தட்ட ஒன்றே. ஒவ்வொன்றும் சுமார் 350 கலோரி. ஆனால் உடலை வளர்க்கும் பகுதி ஒன்றில் உள்ளது, மற்றொன்றில் இல்லை. நீரில் கரையும் வைட்டமின்களும் கழுவும்போது நீங்கிவிடுகின்றன. ஒரு குழந்தையின் உணவில் 50 கிராம் பயற்றுக்குப் பதிலாக அதே அளவு பயற்றுச் சேமியாவைச் சேர்த்தால், அக்குழந்தை 11 அல்லது 12 கிராம் புரதத்தை இழக்கும். பயறும் பருப்புமே முக்கிய புரத உணவாக உள்ள குடும்பத்தில் இது சிறிய இழப்பன்று.

இதனால் இச்சேமியா தீங்கானது என்று கொள்ளலாகாது. சீனர்கள் இதனை முட்டை, இறைச்சி, சோயா பாற்கட்டி, காய்கறி ஆகியவற்றோடு சேர்த்தே உண்கின்றனர். இதற்கெனச் சுவை இல்லாததால், சேர்ந்த பொருளின் சாற்றையும் சுவையையும் நன்கு உறிஞ்சிக்கொள்கிறது. திபேத்திய மக்கள் "பிங்" என்ற பெயரால் இதனை இறைச்சியுடனும் காய்கறியுடனும் சமைக்கின்றனர். இந்தியாவில் லடாக், சிக்கிம், டார்ஜிலிங் ஆகிய மலைப் பிரதேசங்களில் இவ்வுணவு வழக்கில் உள்ளது. கோதுமைக் குளூட்டனை ஏற்காத உடலினருக்கு இது பொருத்தமான உணவாகும். அமைலோஸ் மிகுதியினால் இது மெதுவாகச் செரித்து, வெண்சோற்றைக் காட்டிலும் இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகவே உயர்த்துகிறது. ஆயினும் இது மாவுப்பொருளே என்பதை நீரிழிவு நோயாளிகள் மறக்கலாகாது. சுருங்கக் கூறின், இதனைப் பருப்பின் இடத்தில் வைக்காமல் சோற்றின் இடத்தில் வைத்து எண்ணுவதே முறை.

பெயரும் பொருளும்

வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கண்ணாடி போன்ற தோற்றமுடைய எல்லாச் சேமியாவும் பச்சைப்பயற்றில் செய்யப்பட்டதன்று. கொரியாவில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவிலும், ஜப்பானில் பெரும்பாலும் உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி மாவிலும், வியட்நாமில் கல்வாழை இனத்துக் கிழங்கு மாவிலும் இத்தகைய இழைகள் செய்யப்படுகின்றன. அவை தத்தம் பெயரால் விற்கப்படும்போது குற்றம் ஏதுமில்லை. மலிவான மாவைக் கலந்து, பயற்றுச் சேமியாவின் நிறம் தோன்றுவதற்காக இரசாயனங்களைச் சேர்ப்பதே குற்றம். 2004-ஆம் ஆண்டில் சீனாவில், மக்காச்சோள மாவைப் பயன்படுத்திய சில சரக்குகளில் வெண்மையூட்டும் பொருளின் மூலம் ஈயம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. உறையின் மேல் எழுதப்பட்ட மூலப்பொருள் விவரத்தைப் படித்துப் பார்க்கும் பழக்கத்தை மக்களிடையே வளர்ப்பது ஊழியர்களின் கடமைகளுள் ஒன்றாகும்.

கழிவு செல்வமான வரலாறு

மாவை எடுத்தபின் எஞ்சிய புரத நீர் என்னவாயிற்று? நெடுங்காலம் அதன் ஒரு பகுதி பன்றிகளுக்குத் தீனியாயிற்று. மற்றொரு பகுதி ஓடைகளில் விடப்பட்டது. புரதம் செறிந்த நீர் ஓடையில் சேர்ந்தால் அழுகும். அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் மடியும். உயர்ந்த உணவே ஊருக்குத் தொல்லையாக மாறிய நிலை அது.

இந்நிலை பின்னர் மாறியது. புரத நீரின் அமிலத்தன்மையைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தால் புரதம் திரிந்து படிகிறது. அதனைப் பிரித்து உலர்த்தினால் தூளாகக் கிடைக்கிறது. ஷாண்டுங் மாகாணத்துச் சேமியாத் தொழிற்சாலைகள், பச்சைப்பயற்றுடன் கானடா முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் மஞ்சள் பட்டாணியையும் மாவுக்காகப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தன. இறைச்சிக்கு மாற்றான உணவுகளுக்கு உலகச் சந்தையில் தேவை பெருகியபோது, அதே தொழிற்சாலைகள் பட்டாணிப் புரதத்தை எடுத்து ஏற்றுமதி செய்யலாயின. ஒருகாலத்தில் கழிவாக ஓடிய பொருள், இன்று முதன்மைச் சரக்காக மதிக்கப்படுகிறது. பச்சைப்பயற்றுப் புரதமும் முட்டைக்கு மாற்றான உணவு தயாரிப்பில் இடம்பெற்றுள்ளது.

பயறு விளையும் நாடுகளுக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. பயற்றிலிருந்து மாவு எடுக்கும் தொழிலை எவரேனும் தொடங்கினால், புரதத்தை மீட்டெடுக்கும் ஏற்பாட்டையும் முதல் நாளிலிருந்தே உடன் அமைக்க வேண்டும். அவ்வாறன்றி மாவை மட்டும் எடுப்பது, உழவன் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் சேர்த்துத் தந்த நைட்ரஜன் செல்வத்தைச் சாக்கடையில் விடுவதற்கு ஒப்பாகும்.

வகுப்பறையில் செய்து காட்டுதல்

மேற்கூறிய உண்மைகளைப் பள்ளியில் எளிதில் விளக்கலாம். தோல் நீக்கிய பச்சைப்பயற்றை ஒரு கைப்பிடி எடுத்து ஓர் இரவு ஊறவைத்து, நீர் விட்டு மைபோல் அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். அடியில் வெண்மையான மாவு படியும். மேல்நீரைத் தனியே இறுத்துச் சூடாக்கி, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால், திரிந்த பால் போலத் துணுக்குகள் தோன்றும். அவையே புரதம். அடியில் படிந்த மாவில் சிறிது எடுத்து நீரில் கரைத்துக் காய்ச்சி, ஆறியபின் ஒரு துளி அயோடின் கரைசல் இட்டால் கருநீல நிறம் உண்டாகும். எஞ்சிய மாவைக் கூழாகக் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றி ஆறவைத்தால், சில மணி நேரத்தில் கத்தியால் வெட்டக்கூடிய கட்டியாக இறுகும். அதே அளவு மரவள்ளி மாவில் காய்ச்சிய கூழ் அவ்வாறு இறுகுவதில்லை. அயோடின் பட்ட பொருளையும், சோதனைக்குப் பயன்பட்ட பிற பொருள்களையும் மாணவர்கள் உண்ணாதவாறு ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரு பாத்திரங்களையும் அருகருகே வைத்துக் காட்டினால் பாடம் தானே விளங்கும். வெண்மாவு ஒரு பாத்திரத்திலும் திரிந்த புரதம் மற்றொன்றிலும் இருக்க, ஒரே பயறு இரண்டாகப் பிரிந்து நிற்பதை மாணவர்கள் கண்ணால் காண்பார்கள். முதற்பாத்திரத்தில் உள்ளது சேமியாவாகும். இரண்டாவது பாத்திரத்தில் உள்ளதைக் கொட்டிவிடுவதா, உணவாக்குவதா என்பதைப் பொறுத்தே அந்தப் பயறு முழுப்பயன் தந்ததா இல்லையா என்பது அமையும்.